மூணேகால்

சென்ற மாதம் கிள்ளானில் என் வீட்டுக்கு ஒரு டிசைனர் பையன் வந்தான். என் மகள் சுங்கை வேயில் வீடு வாங்கியிருக்கிறாள். அங்கே வரவேற்பறைச் சுவரை நிறைக்கும் மர அலமாரி ஒன்றை, இப்போது எல்லோரும் வால் யூனிட் என்கிறார்களே, அதை வடிவமைத்துத் தரும் பொறுப்பு அவனுடையது. புதியதை வரைவதற்கு முன் எங்கள் பழையதை ஒருமுறை பார்த்துவிடும்படி மகள் அனுப்பியிருந்தாள். வந்தவன் உட்காரக்கூட இல்லை. அலமாரிக்கு முன்னால் நின்று ஒன்பது படம் எடுத்தான். பிறகு முதல் பிரிவுக்கும் இரண்டாவது பிரிவுக்கும் நடுவே, கீழிருந்து மேல்வரை எட்டு அங்குல அகலத்தில் ஒல்லியாக நிற்கும் பகுதியைத் தடவிப் பார்த்தான்.

"அங்கிள், இந்த ஸ்லாட் யாரு டிசைன்? இப்ப செய்யிற மாதிரியே இருக்குலா. அப்படியே எடுத்துக்கவா?"

"அதுக்குப் பேரு பட்டி," என்றேன். "எங்கம்மா டிசைன்."

சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும். அறுபது வருடத்துக்கு மேலாக நிற்கிற அலமாரி. நான்கு வீடு மாறியிருக்கிறது. நான்கு தடவையும் எண்பது திருகாணிகளையும் நானே கழற்றி, எண்ணி, பால் டின்னில் போட்டு வைத்து, நானே முடுக்கியிருக்கிறேன். ஒன்றுகூடக் குறைந்ததில்லை. கடைசியாகக் கிள்ளானுக்கு வந்தபோது அம்மா உயிரோடு இருந்தாள். முட்டி இரண்டும் மடங்காது என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "அந்தப் பக்கம் நூல் அளவு ஏறியிருக்கு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். நூல் அளவு ஏறித்தான் இருந்தது.

பையன் இன்னொரு கேள்வியும் கேட்டான். பட்டியும் அதை ஒட்டி நிற்கிற பலகையும் மட்டும் ஏன் வேறு மரம், அந்தப் பலகையின் ஓரத்தில் ஏன் கோடு கோடாகக் கீறியிருக்கிறது என்று. தேநீர் ஆறிவிடும் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பதரை வயது. பிரிக்பீல்ட்ஸில் இருபத்து நான்கு வீடுகள் கொண்ட ரயில்வே குவாட்டர்ஸ் வரிசையில் பதினேழாவது வீடு எங்களுடையது. அப்பா ரயில் பாதையை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அம்மா வீட்டில் தையல் வேலை செய்தாள். தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, கல்யாணமாகிக் கப்பலில் வந்தவள். மலாய் மொழியில் அவளுக்குத் தெரிந்தது காய்கறிப் பெயர்களும், விலை அதிகம் என்பதற்கு 'மாஹால்' என்ற ஒரு சொல்லும்தான்.

குவாட்டர்ஸுக்கு ஒரு சட்டம் இருந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வருடத்துக்கு இரண்டு தடவை இன்ஸ்பெக்டர் வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார். அதனால் எங்கள் வீட்டில் எல்லாமே தரையில் கிடந்தன. டிரங்குப் பெட்டி மூன்று, பிஸ்கட் டின் பதினொன்று, என் புத்தகங்கள் ஒரு சாக்கில், சாமி படங்கள் ஒரு ஸ்டூலில். இரவில் பாய் விரிக்க அம்மா பதினான்கு பொருள்களை நகர்த்த வேண்டியிருக்கும்.

பங்சாரில் ஒரு பெரிய அதிகாரியின் வீட்டுக்குத் திரைச்சீலை தைக்க அளவெடுக்கப் போனாள் அம்மா. அங்கேதான் அதைப் பார்த்தாள். சுவர் முழுக்கப் பலகைகள், கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, புத்தகமும் பாத்திரமும் ரேடியோவும் பூச்சாடியும் எல்லாம் திறந்தபடி வரிசையாக. வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்தாள்.

"அது சுவத்துல அடிச்சதுடி," என்றார் அப்பா. "இங்க எப்படி நிக்கும்?"

"அடிக்க வேணாம். ரெண்டு சுவத்துக்கும் நடுவுல இறுக்கிட்டா நிக்காதா?"

அதுதான் திட்டம். பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் ஒன்று எங்கள் முன்னறையில் இருந்தது. அதில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை பத்து அடி ஒன்றரை அங்குலம். அந்த நீளத்துக்குள் அலமாரியைத் தரையில் நிறுத்தி, இரண்டு முனையிலும் துணி சுற்றிய ஆப்பு வைத்து இறுக்கிவிட்டால் ஒரு ஆணியும் வேண்டாம். நிற்கிற பலகை நான்கு. அவற்றுக்கு நடுவே மூன்று பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து தட்டு, ஒவ்வொன்றும் மூணேகால் அடி நீளம். நானும் கூட்டிப் பார்த்தேன். மூணேகால் மூன்று தடவை, அதோடு நான்கு பலகையின் கனம் நான்கு அங்குலம், அதோடு ஆப்புக்கு அரை அங்குலம். இம்மி பிசகவில்லை.

அம்மாவுக்குப் பலகையை வரைபடமாக நினைக்கத் தெரியாது. துணியாகத்தான் நினைப்பாள். ஜாக்கெட்டுக்குக் காகிதத்தில் மாதிரி வெட்டுவது போல, பழைய நாளிதழ்களை வெட்டி, அலமாரி முழுவதையும் நிஜ அளவில் சுவரில் ஒட்டிவிட்டாள். மாவுப் பசைதான். ஆணி அடிக்கக் கூடாதென்றுதானே சட்டம், பசை தடவக் கூடாதென்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

நாளிதழ் ஒட்டிய மறுநாள் கிள்ளான் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர். சொந்த வீடு, அதில் கண்ணாடி போட்ட ஷோகேஸ், அதற்குள் ஒருநாளும் வெளியே வராத ஆறு பீங்கான் கோப்பைகள். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த ஷோகேஸைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் போகமாட்டார். சுவரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னாடா தம்பி, சுவத்துக்கு ஜாக்கெட் தைக்கிறீங்களா?"

அப்பா பல்லைக் காட்டி மழுப்பினார். அம்மா அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள்.

"தீவாளிக்கு வாங்க. போட்டுக் காட்டுறேன்."

"ஆணி அடிக்காம நிக்குமா? நான் ஒரு கை வச்சேன்னா படுத்துடும் பாரு."

"வைங்க. படுத்துச்சுன்னா அங்கயே ஒடச்சி அடுப்புல போட்டுடுறேன். உங்க முன்னாடியே."

பெரியப்பா எண்பத்தாறு கிலோவோ என்னவோ இருப்பார். அந்தக் காலத்தில் எடைக்குக் கிலோ இல்லை, கட்டி என்ற கணக்குதான், ஆனால் எந்தக் கணக்கிலும் அது பெரிய உடம்பு. தீபாவளிக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. அம்மாவை யாரும் அதுவரை ஏதோ ஒன்றைச் செய்யத் தெரிந்தவள் என்று சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் தைக்கிறவள் என்றுதான் சொல்வார்கள். அந்த அலமாரி அவள் தானாக யோசித்துச் செய்த முதல் பொருள் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆகவே அதில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று நினைத்தேன்.

பங்கு கிடைத்தது. சனிக்கிழமை அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். பலகைக் கடைக்கு அம்மாவோடு மொழிபெயர்ப்பாளனாக நான் போனேன். வீட்டிலிருந்து ஆற்றோரம் இருந்த கடைவரை ஆயிரத்து நூற்று நாற்பது காலடி. நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். மலாய்ப் பரீட்சையில் ஐம்பதுக்கு நாற்பத்தேழு வாங்கியிருந்தேன். அந்த வாரம் உடல் உறுப்புகள் நடத்தியிருந்தார்கள். தலை கெப்பாலா, கை தாங்ஙான், கால் காக்கி. பன்னிரண்டையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன்.

கடை வாசலில் ஆறு பேர் மரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கழுத்தில் தையல் டேப் தொங்கியது. அது அவள் கழுத்தை விட்டு இறங்குவது குளிக்கும்போது மட்டும்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"டேப்ப உள்ள வையும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாத்தா என்னா? அளவு காட்ட வேணாமா?"

"நான்தான பேசப் போறேன். நான் சொல்லிக்குவேன்."

அம்மா டேப்பைச் சுருட்டிக் கூடைக்குள் போட்டாள்.

தவுக்கே, அதாவது அந்தச் சீன முதலாளி, பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் காதில் பென்சில் சொருகி உட்கார்ந்திருந்தார். அம்மா மெராந்தி மரப் பலகைகளைத் தட்டிப் பார்த்து, அகலம் இது போதும் என்று ஒன்றைக் காட்டினாள். நீளம் எவ்வளவு, எத்தனை என்று தவுக்கே மலாயில் கேட்டார்.

"பதினஞ்சு. நீளம் மூணேகால்," என்றாள் அம்மா. அடி என்று சொல்லவில்லை. தையல்காரர்கள் சொல்வதில்லை. எண்ணை மட்டும் சொல்வார்கள்.

பதினைந்து எனக்குத் தெரியும். மூன்றும் தெரியும். கால் என்றால்? நாக்கு நுனியில் தயாராக நின்றது காக்கி. நடக்கிற காலுக்கும் நாலில் ஒரு பங்குக்கும் தமிழில் ஒரே சொல் என்றால் மலாயிலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? ஒன்பதரை வயதில் எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

"தீகா காக்கி," என்றேன்.

"தீகா காக்கி?" தவுக்கே திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார். "போலே, போலே."

"என்னாடா சொல்றாரு?"

"முடியுமாம்மா. எல்லாம் சரி."

மலாயில் காக்கி என்றால் கால். அடிக்கணக்கில் வருகிற அடிக்கும் அதே சொல்தான். நான் கேட்டது மூன்று அடி. அவர் எழுதியதும் மூன்று அடி. மூணேகாலில் இருந்த கால், அதாவது மூன்று அங்குலம், அந்த வாசலிலேயே என் வாயிலிருந்து நழுவிக் காணாமல் போனது. எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

அடுத்து நிற்கிற பலகை. "நாலு. ஒசரம் ஆறு அடி," என்றாள் அம்மா. இந்தத் தடவை அடி என்று சொல்லிவிட்டாள். அடிக்கு எனக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல் வாத்தியார் கொடுக்கிற அடி. பூக்கோல்.

"பூக்கோல் எனாம்," என்றேன்.

மலாயில் அதற்கு ஆறு மணி என்று பொருள். தவுக்கே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கடையை ஐந்துக்கே மூடிவிடுவோம் என்றார். மரம் இறக்கியவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை வைத்துக் காட்டினாள். "ஆ, எனாம் காக்கி!" என்று தவுக்கே தொடையைத் தட்டினார். நிற்கிற பலகையை இவர்கள் கால் என்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். நிற்கிறது, ஆகவே கால். பொருத்தமாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது அம்மா எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாள்.

புதன்கிழமை லோரி வந்தது. அப்பாவுக்கு அன்று ஓய்வு. நானும் பள்ளியிலிருந்து வந்துவிட்டேன். பத்தொன்பது பலகையையும் இறக்கும்போது நான் நின்று எண்ணினேன். அம்மா முதல் தட்டைத் தூக்கி, சுவரில் ஒட்டியிருந்த நாளிதழ் மேல் வைத்துப் பார்த்தாள். பலகை முடிந்த பிறகும் நாளிதழ் நீண்டது. மூன்று அங்குலத்துக்கு ஏதோ ஒரு தைல விளம்பரம் எட்டிப் பார்த்தது. இரண்டாவதை வைத்தாள். மூன்றாவதை வைத்தாள். பதினைந்தையும் வைத்துப் பார்த்தாள்.

அப்பா டேப்பை வாங்கி அளந்தார். முகம் சிவந்துவிட்டது.

"மூணு அடிதான் இருக்கு! பாஷ தெரியாத பொம்பளன்னு அந்தத் தவுக்கே ஏமாத்திட்டான். விடப் போறதில்ல. டேய், நீயும் வா. அன்னைக்கு என்னா சொன்னேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

நான் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டேன். தவுக்கேயிடம் நியாயம் கேட்கும் பெரிய மனுஷனாக என்னை நினைத்துப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் பூரிப்பு. அம்மா என்னைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுகிற நேரம் பார்த்தாள்.

"இருங்க," என்றாள். "அவரு மேல தப்பு இல்ல. நான்தான் மூணுன்னு சொன்னேன்."

"மூணேகால்னு எத்தன தடவ சொன்ன என்கிட்ட?"

"கடையில மூணுன்னு வாய்ல வந்துடுச்சு. விடுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கடையில் அம்மா சொன்னதை நினைத்துப் பார்த்தேன். மூணேகால் என்றுதான் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் சொன்னவளே இல்லை என்கிறாளே. பெரியவர்கள் தப்பை ஒத்துக்கொண்டால் அது தப்பாகத்தான் இருக்கும். அப்பாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது.

"ஊருக்கெல்லாம் அளவெடுக்குற. சொந்த சுவத்துக்குக் கால் அடிய முழுங்கிட்டியே புள்ள!"

அதற்குப் பிறகு அப்பா இருந்த காலம் முழுக்க, யார் வந்தாலும் இதைச் சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் கூடவே சிரிப்பாள்.

ஆனால் அந்தப் புதன்கிழமை யாரும் வெகுநேரம் சிரிக்கவில்லை. பிரிவுக்கு மூன்று அங்குலம் என்றால் மூன்று பிரிவுக்கு ஒன்பது அங்குலம். ஒன்பது அங்குலத்துக்கு ஆப்பு கிடையாது. இறுக்காமல் நிறுத்தினால் பெரியப்பா கை வைக்கும்வரைகூட அது காத்திருக்காது, குழந்தை சாய்ந்தால் விழும். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள். தைக்க வேண்டிய ஜாக்கெட் முப்பத்தொன்று, அவை போகப் பாவாடை ஒன்பது.

"அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார் அப்பா.

"சொன்னது சொன்னதுதான்," என்றாள் அம்மா.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டு அக்கா ஒரு பழைய ஜாக்கெட்டோடு வந்தார். குழந்தை பிறந்து உடம்பு பெருத்துவிட்டது, போட முடியவில்லை என்றார். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் இருந்த நாளிதழைப் பார்த்தாள். அக்கா போனதும் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"பத்தாத ஜாக்கெட்டுக்கு என்னா செய்வோம்? பட்டி வைப்போம். இதுக்கும் வைக்கலாம்."

"எங்க? ஓரத்துலயா?"

"ஓரத்துல வச்சா பத்தல, ஒட்டுப் போட்டிருக்குன்னு பாக்குறவளுக்குத் தெரிஞ்சிடும். உள்ள தள்ளி, வேற கலர்ல வச்சா மாடல்னு சொல்லிடுவா."

முதல் பிரிவுக்கு அடுத்து, எட்டு அங்குல அகலத்தில் ஒரு குட்டிப் பிரிவு. அதற்கு ஐந்து சின்னத் தட்டு. நிற்கிற பலகை இன்னும் ஒன்று. எண்பது வருடம் கணக்குப் போட்டாலும் எனக்குத் தோன்றாத யோசனை. அப்பாவுக்கும் பிடித்துவிட்டது. இரண்டு பலகைதானே, இப்போதே கடைக்குப் போய் வாங்கிவருகிறேன் என்று சைக்கிளை எடுத்தார்.

"வேணாம்," என்றாள் அம்மா. அவ்வளவு வேகமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "அந்தக் கடப் பக்கமே போவாதீங்க."

"ஏன் புள்ள? வெக்கமா?"

"ஆமா, வெக்கந்தான். வீட்லயே பலக இருக்கு."

வீட்டில் இருந்தது அவளுடைய வெட்டு மேஜை. கல்யாணமான வருடம் அப்பா செய்து கொடுத்தது. கழித்துக்கட்டிய ரயில் பெட்டியின் தேக்குப் பலகை இரண்டைச் சேர்த்து, அடியில் சட்டம் அடித்து, இடுப்பு உயரத்துக்கு நான்கு கால் வைத்திருந்தார். ஆறு அடி நீளம், இரண்டு அடி அகலம். ஓரத்தில் அங்குலத்துக்கு ஒரு கோடாகக் கத்திரி முனையால் அம்மா கீறியிருந்தாள். எழுபத்திரண்டு கோடு. நின்றபடியே துணியை விரித்து, கோட்டில் வைத்து, கரகரவென்று வெட்டிக்கொண்டு போவாள்.

அப்பா மேஜையைப் பார்த்தார். தொட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இதயா? தீவாளி நேரத்துல துணிய எங்க வச்சி வெட்டுவ?"

"தர எங்கயும் ஓடிப்போவலயே," என்றாள் அம்மா.

எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. தரைக்குக் கால் முளைத்து ஓடுவதை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

சட்டத்தைக் கழற்றியதும் பலகை இரண்டும் பிரிந்தன. ஒன்று அப்படியே ஐந்தாவது நிற்கிற பலகையானது. மற்றதிலிருந்து எட்டங்குலத் துண்டுகள் ஐந்து. நான்கு கால்களையும் அறுத்து, பட்டியின் தட்டுகளைத் தாங்குகிற கட்டைகள் பத்து. மீதி இருந்த முப்பத்திரண்டு அங்குலத் துண்டை அம்மா தையல் மெஷினுக்கு அடியில் செருகி வைத்தாள். தட்டுக்கு இரண்டு கட்டை, கட்டைக்கு இரண்டு திருகாணி. மொத்தம் எண்பது. அப்பா முடுக்கினார், அம்மா மட்டம் பார்த்தாள், நான் எண்ணினேன். கடைசியாக, ஜாக்கெட் துண்டுகளைச் சுற்றிய ஆப்பைச் சுவருக்கும் பலகைக்கும் நடுவே அப்பா கட்டையால் தட்டி இறக்கினார். முதல் தட்டலுக்குத் தொம் என்றது. பிறகு டங் என்றது. பதினோராவது தட்டலில் சத்தம் கெட்டியாகிவிட்டது. அம்மா அலமாரியில் காதை வைத்துக் கேட்டாள். போதும் என்றாள்.

தீபாவளியன்று காலை பெரியப்பா குடும்பத்தோடு வந்தார். இலையில் உட்காருவதற்கு முன்பே அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். பதினொரு பிஸ்கட் டின்னும், ரேடியோவும், சாமி படங்களும், என் புத்தகங்களும் தரையை விட்டு எழுந்து சுவர் முழுக்க நின்றன. சிவப்பு மெராந்திக்கு நடுவே கறுத்த தேக்கில் பட்டி, அதில் தட்டுக்கு ஒன்றாக ஐந்து பித்தளைச் சொம்பு. பெரியப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு கையால் தள்ளினார். பிறகு இரண்டு கையாலும். அப்புறம் தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினார். சொம்புகள் கூட அசையவில்லை. அம்மா கரண்டியோடு வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜாக்கெட் சரியா பிடிக்குதா?" என்று கேட்டாள்.

பெரியப்பா மூச்சு வாங்கினார். பிறகு பட்டியைக் காட்டி, "இது எதுக்கு?" என்றார்.

"அது மாடல்."

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் வெற்றியில் என் பங்கை வாங்கிக்கொள்ள அதைவிட நல்ல சமயம் வராது என்று தோன்றியது.

"அம்மா தப்பா அளந்துட்டாங்க பெரியப்பா. அதான் பட்டி. கடையில நான் கரெக்டா மலாய்ல சொன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கால் அடி முழுங்கிய கதையைச் சொன்னார். அம்மா என் இலையில் இன்னொரு அதிரசம் வைத்தாள். சரியாகச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

பெரியப்பா அடுத்த மாதமே கிள்ளானில் ஆசாரியைக் கூப்பிட்டு, கண்ணாடி ஷோகேஸுக்குப் பக்கத்தில் எட்டங்குலத்தில் ஒரு பட்டி வைத்துக்கொண்டார். எங்கள் வரிசையில் இரண்டு வருடத்துக்குள் ஏழு வீட்டில் சுவர் அலமாரி வந்தது. ஏழிலும் பட்டி இருந்தது. அந்தச் சுவர்களுக்கு அது தேவையே இல்லை, பலகை எதுவும் குறையவுமில்லை, ஆனாலும் அம்மாவிடம் வந்து நாளிதழில் மாதிரி வெட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். இன்ஸ்பெக்டர்கூட வந்து, ஆணி தேடி, கிடைக்காமல், கடைசியில் அளவு கேட்டார். பதினேழாம் நம்பர் வீட்டு டைலரம்மா, அலமாரியம்மா ஆனது அப்படித்தான். நான் பள்ளியில் சொல்லிக்கொள்ளாத நாள் இல்லை.

பதின்மூன்று வயதில் ரிமூவ் வகுப்புக்குப் போனேன். தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிறவர்கள் அதில் ஒரு வருடம் உட்கார வேண்டும். ஒருநாள் மலாய் ஆசிரியர் அளவைச் சொற்களைக் கரும்பலகையில் எழுதினார். காக்கி என்றால் அடி. சுக்கு என்றால் நாலில் ஒரு பங்கு. வகுப்பில் தமிழ்ப் பையன்கள் பதினொரு பேர். சுக்கு என்றதும் பத்துப் பேர் சிரித்தார்கள், காப்பியில் போடுகிறதா என்று. நான் சிரிக்கவில்லை. தீகா காக்கி சுக்கு. நான் அந்தக் கடை வாசலில் சொல்லியிருக்க வேண்டியது அது. மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா முன்னறையில் இருந்தாள். நீலத் துணி ஒன்றைத் தரை முழுக்க விரித்து, முட்டி போட்டுக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். உதட்டுக்கு நடுவே குண்டூசிகள்.

"அம்மா, அன்னைக்குப் பலகைக் கடையில தப்பா சொன்னது நான்தாம்மா. நீ மூணேகால்னு சரியாத்தான் சொன்ன."

அவள் ஆச்சரியப்படவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினாள். நான் எண்ணினேன். ஏழு.

"பட்டி நல்லாத்தான இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கும்மா."

"அப்பறம் என்னா? துணிய மிதிக்காம போ. சோறு மூடி வச்சிருக்கேன்."

துணியை மிதிக்காமல் ஓரமாக, அலமாரியைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனேன். மனசு லேசாகிவிட்டது. சொல்லிவிட்டேன், அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஊசி ஏழு என்று எண்ணத் தெரிந்தவனுக்கு, நான்கு வருடமாக அம்மா ஏன் தரையில் முட்டி போட்டு வெட்டுகிறாள் என்று கேட்கத் தெரியவில்லை. கடைப் பக்கம் போகாதீர்கள் என்று அவள் ஏன் அப்பாவைத் தடுத்தாள் என்றும் தோன்றவில்லை. தாண்டும்போது நான் கையால் பிடித்துக்கொண்டது அவளுடைய மேஜையைத்தான். எழுபத்திரண்டு கோட்டில் நாலைந்தாவது என் விரலில் பட்டிருக்கும்.